லென்ட், பொறோ: எது கொடுப்பது, எது வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் 'லென்ட்', 'பொறோ' என்ற இரண்டு வினைகளும் கடன், இரவல் பற்றியவை. வன்னியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் முதல் வங்கிப் படிவத்தோடு வரும் கமக்காரர் வரை, இவற்றைப் பற்றி என்னிடம் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை நம் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். 'லென்ட்' என்று 'ட்' முடிவில் வந்தால் அது நிகழ்கால வடிவம். 'லென்ற்' என்று 'ற்' வந்தால் இறந்தகாலம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். லென்ட் என்றால் பொருள் உங்கள் கையை விட்டுப் போகிறது, திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு. பொறோ என்றால் பொருள் உங்கள் கைக்கு வருகிறது, திருப்பிக் கொடுக்கும் பொறுப்போடு. நடப்பது ஒரே கொடுக்கல் வாங்கல்தான். வங்கியை எழுவாயாக வைத்தால் 'த பாங்க் லென்ற் மீ மணி'. என்னை எழுவாயாக வைத்தால் 'ஐ பொறோட் மணி ஃப்ரொம் த பாங்க்'. இரண்டு வாக்கியமும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடந்த ஒரே காரியத்தைத்தான் சொல்கின்றன.

அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

நமக்கு மட்டும் அல்ல. தமிழ் இரண்டு சொல்லில் சொல்வதை ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது, அவ்வளவுதான். நாம் 'கடன் கொடுத்தேன்', 'கடன் வாங்கினேன்' என்கிறோம். 'கடன்' இரண்டிலும் அசையாமல் நிற்கிறது. திசையைக் காட்டும் வேலையைப் பின்னால் வரும் 'கொடு', 'வாங்கு' பார்த்துக்கொள்கின்றன. பிள்ளையோ 'கடன்' என்பதைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஆங்கிலம் தேடுகிறது. அகராதியில் இரண்டு வினைகள் கிடக்கின்றன. முதலில் கண்ணில் பட்டதை எடுத்து எழுதிவிடுகிறது. சிங்களமும் நம் வழிதான்: 'நயட்ட கன்னவா' என்றால் கடனுக்கு வாங்குவது, 'நயட்ட தெனவா' என்றால் கடனுக்குக் கொடுப்பது. ஜெர்மன் மொழியில் 'லைஹென்' என்ற ஒரே வினை இரண்டு பக்கத்துக்கும் உழைக்கிறது. ஆகவே ஆங்கிலம் செய்வதுதான் உலக வழக்கம், நாம்தான் கோணலாக யோசிக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லும் ரியூசன் வகுப்புகள் இருக்கின்றன. எனக்குக் கோபம் வரும்.

தமிழ் வேறொன்றைக் கவனிக்கிறது: கொடுத்த அதே பொருள் திரும்பி வருமா? பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்த அலவாங்கை ஒருக்கால் இரவல் தா" என்று கேட்பார். 'கடனாகத் தா' என்று அவர் வாயில் வரவே வராது. போன அலவாங்குதான், முனை மழுங்கியிருந்தாலும், திரும்பி வரவேண்டும். அதனால் அது இரவல். ஐந்நூறு ரூபாய் கேட்டால் அது கைமாற்று. அதே தாள் திரும்பி வரவேண்டியதில்லை, வட்டி இல்லை, சில நாளில் தீர்ந்துவிடும். வட்டியும் தவணையும் நுழைந்தால்தான் நாம் கடன் என்று கனமாகச் சொல்கிறோம். இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் வாங்குபவர் பக்கம் பொறோ ஒன்றுதான், கொடுப்பவர் பக்கம் லென்ட் ஒன்றுதான். 'நீ எந்தப் பக்கம் நிற்கிறாய்' என்பது ஆங்கிலத்தின் கேள்வி. 'இது எந்த வகைக் கொடுக்கல் வாங்கல்' என்பது தமிழின் கேள்வி. ஒன்றின் கேள்விக்கு மற்றதன் விடையை எழுதும்போதுதான் புள்ளி குறைகிறது.

பரீட்சை மண்டபத்தில் எதை எழுதுவது என்று எப்படி முடிவெடுப்பது?

'கடன்', 'இரவல்', 'கைமாற்று' ஆகிய சொற்களை விரலால் மறைத்துவிட்டு மிஞ்சும் வினையைப் பாருங்கள். கொடு, தா, வழங்கு என்று இருந்தால் லென்ட். வாங்கு, எடு, பெறு என்று இருந்தால் பொறோ.

கெட்டிக்காரப் பிள்ளைகளும் விழும் இடம் ஒன்று உண்டு. 'உன் சைக்கிளை எனக்கு இரவல் தருவாயா?' என்பதில் தேவை எனக்கு, வாங்கப்போவதும் நான். அதனால் பொறோ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வாக்கியத்தின் எழுவாய் 'நீ'. தருவது நீ. ஆகவே 'வில் யூ லென்ட் மீ யுவர் பைசிக்கிள்?' என்றே வரவேண்டும். அதையே 'உன் சைக்கிளை நான் இரவல் எடுக்கலாமா?' என்று திருப்பினால் எழுவாய் நான் ஆகிவிடுகிறேன்: 'மே ஐ பொறோ யுவர் பைசிக்கிள்?' தேவை யாருக்கு என்று பார்த்துப் பயனில்லை. எழுவாய் யார் என்று பாருங்கள்.

'கான் யூ பொறோ மீ யுவர் பென்' என்று சொன்னால் விளங்காதா?

நன்றாக விளங்கும். பேனையும் கிடைக்கும். புள்ளிதான் கிடைக்காது. லென்ட் இரண்டு செயப்படுபொருள்களை அடுத்தடுத்து ஏற்கும் வினை: 'லென்ட் மீ யுவர் பென்'. வேண்டுமானால் நம் 'கு' உருபுக்கு ஈடான 'ரூ'வைப் போட்டு 'லென்ட் யுவர் பென் ரூ மீ' என்றும் சொல்லலாம். பொறோ ஒன்றைத்தான் ஏற்கும். யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டுமானால் 'ஃப்ரொம்' கட்டாயம். அமெரிக்காவின் சில பகுதிகளில் 'பொறோ மீ' என்று பேசுகிறார்கள். இங்கிலாந்தில் 'கான் ஐ லென்ட் யுவர் பென்' என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அவை பேச்சு வழக்குகள், எழுத்தில் பிழை என்றே கொள்ளப்படும்.

நூலகத்தில் 'லென்டிங்' என்று பலகை போட்டிருக்கிறார்கள். நான் புத்தகம் எடுக்கத்தானே போகிறேன்?

நல்ல கேள்வி. பலகையைத் தொங்கவிட்டது நூலகம், அதனால் அது நூலகத்தின் வாயால் பேசுகிறது. நம் பொது நூலகங்களில் அதே பலகையின் தமிழைப் பாருங்கள்: 'இரவல் வழங்கும் பகுதி'. வழங்குவது நூலகம். நீங்கள் அங்கே போய்ச் செய்வது பொறோ. ஒரே மேசையின் அந்தப் பக்கம் நூலகர் லென்ட் செய்கிறார், இந்தப் பக்கம் நீங்கள் பொறோ செய்கிறீர்கள். 'ஐ லென்ற் அ புக் ஃப்ரொம் த லைப்ரரி' என்ற வாக்கியம் விடைத்தாள்களில் அடிக்கடி வரும். அதில் 'ஃப்ரொம்' சரியாக இருக்கும், வினை மட்டும் எதிர்ப்பக்கம் போய் நிற்கும். பக்கத்து அறையான உசாத்துணைப் பகுதியில் இந்த இரண்டு வினைக்கும் வேலை இல்லை. அங்கே இருந்து வாசிக்கலாம், எடுத்துப்போக முடியாது.

வங்கிப் படிவத்தில் 'பொறோவர்' என்று இருக்கிறது. அது நானா, வங்கியா?

நீங்கள்தான். பொறோவர் கடன் பெறுபவர், லென்டர் கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிறுவனம். மூன்றாவதாக 'கரண்டர்' என்று ஒரு வரி இருக்கும். அது பிணையாளர். இந்த மூன்றாவது வரியில் பெயர் எழுதுபவர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். காசு ஒரு சதமும் அவர்கள் கைக்கு வருவதில்லை, கடன்காரர் கட்டாவிட்டால் மட்டும் கேள்வி அவர்களிடம் வரும்.

போருக்குப் பின் வன்னியில் நுண்கடன் பரவியபோது பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். அந்தக் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் பொறோவர், மற்றத் தாளில் கரண்டர். வாரத் தவணைக்கு ஆள் வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்காரும்போது இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துபோகும். ஒருத்தியின் தவணையை மற்றவர்கள் சேர்த்துக் கட்டுவார்கள். நுண்நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2016 இல்தான் வந்தது. தமிழிலும் படிவம் இருந்தால் தமிழையே வாங்கி வாசியுங்கள். ஆங்கிலப் பயிற்சி எடுப்பதற்குக் கடன் படிவம் ஏற்ற இடம் அல்ல.

செய்தித்தாள் வாசிக்கும்போதும் இதே கணக்குத்தான். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அந்தச் செய்திகளில் அரசாங்கம் பொறோவர், வெளியில் இருந்தவர்கள் லென்டர்கள்.

கடையில் கடனுக்கு அரிசி வாங்கினேன். பொறோ என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. நீங்கள் அரிசியைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை, விலையைப் பின்னர் கொடுக்கப்போகிறீர்கள். அது வாங்குதல்தான்: 'ஐ போட் றைஸ் ஒன் கிரெடிற்'. கொப்பியில் எழுதிவைத்த பாக்கிக்கு 'ஓ' என்ற வேறொரு வினை உண்டு: 'ஐ ஓ த ஷொப் 2000 ருபீஸ்', கடைக்கு நான் 2000 ரூபாய் கொடுக்க வேண்டும். தமிழில் 'கடன்' என்ற ஒரு சொல்லை வைத்தே இத்தனையையும் சமாளிப்பதால், அந்தச் சொல்லைக் கண்டதும் பொறோ என்று பாய்வது பழக்கமாகிவிட்டது.

ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு சீனி வாங்கினால்?

அது பொறோ. தின்று தீர்ந்துவிடும் பொருள்தான், ஆனாலும் வேறொரு நாள் அதே அளவு சீனியைக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்பது எண்ணம். விதைநெல்லும் இப்படித்தான். காலபோகத்துக்குத் தம்பியிடம் சில புசல் விதைநெல் வாங்கி, அறுவடையின்பின் புதுநெல்லாகத் திருப்பிக் கொடுத்தால், ஆங்கிலம் தயங்காமல் பொறோ என்றே சொல்லும். நாம் இதை இரவல் என்று சொல்வதில்லை. விதைத்த நெல்லை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

உழவு இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுத்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தும் விட்டேன். பொறோதானே?

இல்லை. பொருளுக்கு வாடகை கொடுத்த உடனே பொறோ விலகிவிடும், 'ஹயர்' வந்துவிடும். மாமாவின் லான்ட்மாஸ்டரைச் சும்மா எடுத்து உழுதால் பொறோ. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுத்தால் ஹயர். பணம் மட்டும் விதிவிலக்கு: வட்டி கொடுத்தாலும் பணத்தைப் பொறோ செய்வதாகவே சொல்வார்கள். வீட்டுக்கு 'றென்ற்'. இந்த றென்ற் விடயத்தில் ஆங்கிலமே திசையைக் கோட்டைவிட்டுவிட்டது. 'ஐ றென்ற் அ ஹவுஸ்' என்றால் வீட்டை வாடகைக்கு எடுத்தவரும் நான், கொடுத்தவரும் நான் என்று இரண்டாகவும் பொருள்படும். கொடுப்பவரைத் தெளிவாகக் காட்ட 'றென்ற் அவுட்' அல்லது 'லெற்' வேண்டும். திசை எங்களுக்கு விளங்காது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

அடகிலும் ஈட்டிலும் திசை இன்னும் சிக்கல். விதைப்புச் செலவுக்குச் சங்கிலியை அடகு வைத்தால் 'ஐ போண்ட் மை செயின்'. சங்கிலி அந்தப் பக்கம் போகிறது, பணம் இந்தப் பக்கம் வருகிறது. 'போண்' என்ற வினையின் எழுவாய் நகைக்கு உரியவர், அடகு பிடிப்பவர் அல்ல. 'மோர்ட்கேஜ்' என்பதும் அப்படியே: காணியை ஈடு வைத்தவர் நான் என்றால் எழுவாயும் நானே. 'த பாங்க் மோர்ட்கேஜ்ட் மை லாண்ட்' என்று எழுதினால் வங்கி ஏதோ திருட்டு வேலை பார்த்தது போல இருக்கும்.

ஒற்றிக்கு ஆங்கிலத்தில் தனி வினை கிடையாது. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், அதை ஏற்றுக்கொள்கிறது. பணம் கொடுத்தவர் காணியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை எடுப்பார். முதல் திரும்பியதும் காணி திரும்பும். இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் ஒரே வினையைத் தேடி அலையாமல் இரண்டு மூன்று வாக்கியமாக விளக்கிச் சொல்லுங்கள். சட்டத்தரணிகளே 'ஒற்றி மோர்ட்கேஜ்' என்று நம் சொல்லை உள்ளே வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

கிணறு, கழிவறை, தொலைபேசி இவற்றுக்கு?

எடுத்துப்போகக்கூடிய பொருளுக்குத்தான் பொறோ. வரட்சியில் பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளினால் 'யூஸ்'. கழிவறைக்கும் அதுதான். தொலைபேசியை வாங்கி ஓர் அழைப்பு எடுத்துவிட்டுக் கொடுத்தால் பொறோ, யூஸ் இரண்டும் சரி.

கொடுத்த பொருள் திரும்பி வரவே இல்லை. அப்போதும் லென்ட் என்று சொல்லலாமா?

சொல்லலாம். கொடுக்கும் நேரத்தில் என்ன எண்ணத்தோடு கொடுத்தீர்கள் என்பதையே வினை பார்க்கும், பிறகு நடந்ததை அல்ல. 2008, 2009 இடப்பெயர்வில் ஒரு வீட்டுக் கிடாரம் இன்னொரு வீட்டாரின் சாமான்களோடு ஏறி, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய், எங்கோ ஒரு பதுங்குகுழி ஓரத்தில் கைவிடப்பட்டது. கொடுத்தவர் அதை இன்றைக்கும் 'ஐ லென்ற் இற்' என்றே சொல்லலாம். வாங்கியவரும் 'ஐ பொறோட் இற்' என்று சொல்லலாம். இலக்கணம் இருவரையும் குறைசொல்லாது.

'லோன்' என்பதை வினையாகப் பயன்படுத்தலாமா?

அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஹீ லோண்ட் மீ மணி' சாதாரணம். பிரித்தானிய வழக்கில் பலர் முகம் சுளிப்பார்கள். நம் பாடசாலைகள் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுவதால் லோனைப் பெயர்ச்சொல்லாகவே வைத்திருங்கள். 'லோன் எடுத்தேன்' என்று நாம் சொல்வதற்கு 'ஐ ரூக் அ லோன்' சரியான ஆங்கிலம். பொறோவா லென்ட்டா என்று சந்தேகம் வந்தால் இதை எழுதித் தப்பித்துக்கொள்ளலாம்.

கணக்குப் பாடத்திலும் கடன் வாங்குகிறோமே?

ஆம், 52 இலிருந்து 17 ஐக் கழிக்கப் பத்தாமிடத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்குகிறோம். ஆங்கிலத்திலும் அது பொறோதான். திருப்பிக் கொடுப்பது மட்டும் யாரும் கண்டதில்லை.

மொழிகள் சொற்களை வாங்குவதும் பொறோ, தமிழில் கடன்சொல். அக்கா கேட்ட அலவாங்கும், தவணைக்காரர் உட்கார்ந்த கதிரையும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. அலுமாரி, சப்பாத்து ஆகியவையும் அப்படித்தான். கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. இவற்றையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தவை?

இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள். பொறோ 'போர்க்' என்ற பெயர்ச்சொல்லின் வழி வந்தது. அதன் பொருள் பிணை. பிணை வைத்து வாங்குவதுதான் அந்தக் காலத்துப் பொறோ. மேலே சொன்ன குழுக்கடன் பெண்களுக்கு இந்த வரலாற்றைச் சொன்னால் சிரிப்பார்கள்: பிணை நிற்காமல் கடன் ஏது? லென்ட் என்பதன் பழைய வடிவத்தில் கடைசி 'ட்' கிடையாது. இறந்தகால வடிவத்தில் இருந்த அந்த ஒலி இடைக்கால ஆங்கிலத்தில் நிகழ்காலத்திலும் ஒட்டிக்கொண்டது. லோன் ஸ்கண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. லென்ட் அதற்கு இனமான சொல்.

உச்சரிப்பில் கவனிக்க வேண்டியது?

லென்ட், லென்ற் இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுகிறோம். முதலாவதில் 'ன்' கொஞ்சம் நீளும், இரண்டாவது வெட்டினாற்போல் முடியும். பொறோவை 'பறோ' என்று சொன்னால் முயல் வளை தோண்டுவது என்று பொருள் மாறிவிடும்.

பொருள் சம்பந்தப்படாத இடங்களிலும் லென்ட் வருகிறதே?

'லென்ட் அ ஹாண்ட்' என்றால் கைகொடுத்து உதவுவது, 'லென்ட் அன் இயர்' என்றால் காதுகொடுத்துக் கேட்பது. இரண்டுக்கும் நம்மிடம் நேரே சொற்கள் இருப்பதால் பிள்ளைகள் இவற்றில் தவறுவதில்லை.

வாங்கியவரிடம் ஆங்கிலத்தில் மரியாதையாகத் திருப்பிக் கேட்பது எப்படி?

'லென்ட்' என்று திரும்பத் தொடங்கினால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். 'குட் ஐ ஹாவ் மை புக் பாக், ப்ளீஸ்?' போதும். பணமாக இருந்தால் 'பே மீ பாக்' என்று சொல்லலாம். ஆனால் முதலில் ஒரு காரணம் சொல்லிவிட்டுக் கேட்பது ஆங்கிலத்திலும் நல்லது: பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, பசளைக் காசு, எதுவாக இருந்தாலும். 'றிற்றேர்ன்' என்ற வினையைப் பயன்படுத்தினால் அதன் பின்னால் 'பாக்' சேர்க்காதீர்கள். திருப்புதல் அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்களே வாங்கியவராக இருந்து தாமதமாகிவிட்டால், 'ஐ ஸ்டில் ஓ யூ' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது அலவாங்கு வேலிக்கு மேலால் தயங்காமல் வரும்.